நாற்காலியில் குடை இருக்கும் வரை

மனிதர்களுக்கு வீடு மாறுகிற கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. வாடகை ஏறினால் மாறுகிறார்கள், கல்யாணம் ஆனால் மாறுகிறார்கள், அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் மாறுகிறார்கள். இவர்களை இப்படியே விட்டால் யார் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்ற கவலையில் அரசு எங்கள் அலுவலகத்தை ஏற்படுத்தியது. முகவரி மாற்றப் பதிவு அலுவலகம் என்று பெயர். வீடு மாறிய எவரும் இங்கே நேரில் வந்து, புது முகவரியைச் சொல்லி, முத்திரை வாங்க வேண்டும். முத்திரை விழும் வரை அவர் பழைய வீட்டில்தான் இருக்கிறார். புது வீட்டில் தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றாலும் சரி, சட்டப்படி அவர் இருப்பது பழைய வீட்டில்.

அந்த முத்திரையைக் குத்துகிறவர் கோந்து. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வேலையில் சேர்ந்த அன்று உட்கார்ந்த நாற்காலியை விட்டு நகராத மனிதர் என்பதால் நாங்கள் வைத்த பெயர் இது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் எழுந்திருக்க வேண்டுமே.

பக்கத்து மேசை என்னுடையது. கோந்து குத்திய முத்திரை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. சிரிக்காதீர்கள். ஈரத்தோடு மடித்தால் மை ஒட்டிக்கொண்டு ஒரு குடும்பமே இரண்டு வீட்டில் இருப்பதாக ஆகிவிடும். இதற்கென்று தேர்வு எழுதித்தான் வந்திருக்கிறேன்.

கோந்துவின் மனைவி, ஊரார் ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைக்கிறவர். எனக்கு அண்ணி முறை. அதாவது, அவர் கையால் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. அண்ணிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. கடலைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடல் வெகு தூரம். கல்யாணமான புதிதில் கோந்து, "கட்டாயம் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி ஒரு பெட்டியும் வாங்கினார். அந்தப் பெட்டி அலமாரி மேல் ஏறி, திரைத்துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுகளுக்கு இருப்பிடமானது. கோந்துவுக்கு ஒரு வருஷம் தணிக்கை இருக்கும். மறு வருஷம் புது அதிகாரி வருவார். அதற்கு மறு வருஷம் அந்த அதிகாரி போவார். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்பார் கோந்து. அது சரிதான், கடல் ஓடவில்லை.

இப்படி இருக்கையில் எங்கள் அலுவலகத்துக்கு ஃபேஷன் வந்தது. ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள். சுவரில் ஒரு பனிமலைப் படம் மாட்டினார்கள். காற்றோட்டத்துக்கு இருந்த ஒரே ஜன்னலை மறைத்துத்தான் மாட்ட இடம் இருந்தது. பிறகு ஒரு பயிற்சியாளர் வந்தார். கழுத்தில் ஒலிவாங்கி, காலில் மலையேறுகிற செருப்பு.

"வேலையைத் தூக்கிப் போட்டுட்டுக் கிளம்புங்க!" என்று முழங்கினார். "போய்ப் பாருங்க. தொலைஞ்சு போங்க! அப்பத்தான் நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்!"

கோந்து கையைத் தூக்கினார். "நீங்க எங்கெல்லாம் போயிருக்கீங்க சார்?"

பயிற்சியாளரின் முகம் வாடிவிட்டது. "எங்கங்க போறது? தினம் ஒரு ஆபீஸ்ல கிளாஸ் இருக்கு. லீவே கிடைக்க மாட்டேங்குது."

எல்லோரும் கைதட்டினோம். கைதட்டியதாக வருகைப் பதிவோடு குறிப்பும் எழுதிக்கொண்டார்கள்.

கோந்து வீட்டுக்குப் போய் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறார். அண்ணி சிரிக்கவில்லை. தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடினார். ஸ்டூல் மேல் ஏறிப் பெட்டியை இறக்கினார். துண்டுத் துணியையெல்லாம் தரையில் கொட்டினார்.

"நீங்க வந்தா ரெண்டு டிக்கெட். வரலைன்னா ஒரு டிக்கெட்" என்றார். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை நீங்க வரலைன்னா அடுத்த தடவைன்னு எங்கிட்ட பேச்சே எடுக்காதீங்க."

கோந்து மறுநாள் ஆடிப்போய் வந்தார். விடுப்பு விண்ணப்பத்தோடு கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். துணைக்கு நான் போனேன். எங்கள் கண்காணிப்பாளர் நியாயமான மனிதர். நியாயம் முடிகிற இடம் வரைக்கும் எதையும் விடமாட்டார்.

"நீங்க போயிட்டா உங்க வேலையை யாராவது பார்க்க முடியுமா?"

"தாராளமா முடியும் சார். முத்திரை குத்தறதுதானே."

"அப்படியா!" கண்காணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேற யாராவது பார்க்க முடியும்னா நீங்க எதுக்கு? உங்க பதவியையே எடுத்துடலாமே. மேலிடத்துல ஆள் குறைக்கச் சொல்லிட்டே இருக்காங்க."

கோந்துவுக்கு வேர்த்துவிட்டது. "இல்ல சார், இல்ல சார். என் வேலையை என்னைத் தவிர ஒருத்தரும் பார்க்க முடியாது. அது ஒரு கை வாகு."

"அதானே பார்த்தேன். அப்புறம் எப்படி உங்களுக்கு லீவு குடுக்கறது?"

நாங்கள் வெளியே வந்தோம். கோந்து என் மேசை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ராஜினாமா பண்ணிடட்டுமா? நீ என்ன சொல்றே?"

நான் யோசித்து, "லீவுன்னா திரும்பி வரணும். ராஜினாமான்னா திரும்பி வர வேண்டாம். பஸ் செலவு மிச்சம்" என்றேன். அலுவலகத்தில் இதைவிட நல்ல யோசனையும் யாரும் சொல்லவில்லை. கோந்து ராஜினாமா செய்தால் அந்த நாற்காலி தங்களுக்குக் கிடைக்குமா என்று மட்டும் சிலர் கேட்டார்கள். அது ஜன்னலோர நாற்காலி. பனிமலை மறைத்தாலும் ஜன்னல் ஜன்னல்தானே.

மறுபடி உள்ளே போனோம்.

"ராஜினாமாவா? தாராளமா ஏத்துக்கலாம்" என்றார் கண்காணிப்பாளர் அன்போடு. "ஆனா உங்க கணக்குல நிறைய லீவு கிடக்குதே. அதையெல்லாம் எடுத்து முடிச்சாத்தான் ராஜினாமா செல்லும்."

"அந்த லீவைத்தான் சார் கேக்கறேன்."

"நீங்க ராஜினாமா குடுத்துட்டீங்களே. ராஜினாமா குடுத்தவருக்கு லீவு கிடையாதே."

"அப்ப ராஜினாமாவைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம். போய் வேலையைப் பாருங்க."

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

அப்போது என் வாயில் சனி. "நம்ம சுற்றறிக்கை ஒண்ணு இருக்கே சார்" என்று கோந்துவிடம் சொல்லிவிட்டேன்.

அந்தச் சுற்றறிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எழுந்து போகிறவர்கள் நாற்காலியில் எதையாவது வைத்துவிட்டுப் போவது வழக்கம். ஒருவர் பை, ஒருவர் கோட்டு, ஒருவர் சாப்பாட்டு டப்பா. யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர், "இருக்காரு, இப்பதான் எழுந்து போனாரு" என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமானாலும் 'இப்பதான்'. ஒரு முறை மேலிடத்திலிருந்து திடீர்ச் சோதனைக்கு வந்த அதிகாரி, நாற்காலிகளில் எல்லாம் பையும் கோட்டும் இருப்பதைப் பார்த்து, ஊழியர்களின் கட்டுப்பாட்டை மெச்சி, ஓர் ஆணை பிறப்பித்தார். 'உரியவரின் உடைமை நாற்காலியில் உள்ளவரை, உரியவர் அங்கு உள்ளதாகவே கருதப்படும்.' அன்று முதல் வழக்கம் சட்டமாயிற்று.

கோந்துவிடம் ஒரு குடை இருந்தது. மாமனார் கொடுத்த குடை, வளைந்த பிடி, கம்பி ஒன்றுகூட வளையாதது. அதை நாற்காலியில் சாய்த்து வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "நேரா உக்காந்திருக்கா?" என்று கேட்டார்.

"உங்களைவிட நேரா இருக்கு சார்" என்றேன்.

அவர் கிளம்பிப் போய்விட்டார். அண்ணிக்காக எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

குடை வேலைக்கு வந்த பிறகு எங்கள் பிரிவு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. வருகிறவர்கள் குடையைப் பார்ப்பார்கள். "இப்பதான் எழுந்து போனாரு" என்பேன். கொஞ்ச நேரம் பனிமலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். கோந்து இருந்தபோது அது சரியில்லை, இது சரியில்லை என்று விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவார், சண்டை நடக்கும், புகார் வரும். குடை யாரையும் திருப்பி அனுப்பவில்லை. புகார் அடியோடு நின்றது. கண்காணிப்பாளர் ஒரு நாள் வந்து குடைக்கு முன்னால் நின்று, "இப்பத்தான் ஒழுங்கா வேலை பாக்கறீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

முத்திரையே விழாததால் காய்வதற்கும் ஒன்றுமில்லை. என் பையை நாற்காலியில் வைத்தேன். எங்கே போவது? அண்ணி வாய் ஓயாமல் பேசிப் பேசி எனக்கும் கடல் ஆசை தொற்றியிருந்தது. வீட்டில், "ஆபீஸ் முகாம்" என்று சொன்னேன். மனைவி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கூடு மடியில் கிடந்தது. நிமிராமலே, "சரி, போயிட்டு வாங்க" என்றாள். அவளையும் கூட்டிப் போயிருக்கலாம்தான். ஆனால் கடல் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நானே முடிவு செய்திருந்தேன். அவளைச் சிரமப்படுத்துவானேன் என்று கேட்கவில்லை.

கடற்கரையில் மணல் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் கோந்து, பக்கத்தில் அண்ணி. அண்ணி தலையில் பெரிய விளிம்பு வைத்த தொப்பி. மிஞ்சிய திரைத்துணியில் தானே தைத்ததாம். அவர் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தோடு நான் பார்த்ததே இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி அலைவரைக்கும் ஓடுவார், காலை நனைத்துக்கொண்டு திரும்பி ஓடி வருவார்.

"வாங்களேன், வந்து ஒரு தடவை காலை நனைங்களேன்" என்று கோந்துவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இதோ, ஒரு நிமிஷம்" என்றார் கோந்து. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவது அவருக்குப் பழக்கமில்லை. அது நமக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

அப்போது பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தவர் தாளை இறக்கினார். கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட அரைக்கால் சட்டை. எங்கள் கண்காணிப்பாளர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சுதாரித்தவர் அவர்தான். அதற்குத்தானே மேல் பதவி.

"என்ன கோந்து, சீட்டுலதானே இருக்கீங்க?"

"சீட்டுலதான் இருக்கேன் சார். நீங்க?"

"நானும் ரூம்லதான் இருக்கேன். கோட்டு மாட்டியிருக்கேன்." என்னைப் பார்த்தார். "நீங்க?"

"பை இருக்கு சார்."

"நல்லது" என்றார் நிம்மதியாக. "எல்லாரும் ஆபீஸ்ல இருக்கோம். கோந்து, உங்க விடுப்பு விஷயத்தைத் திரும்பவும் பரிசீலனை பண்ணினேன். நீங்க போயிட்டா பிரிவே நின்னுடும். தர முடியாது."

"நன்றி சார்" என்றார் கோந்து, பாதத்து மணலைத் தட்டிக்கொண்டே.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் சாப்பாட்டு டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு வந்திருந்தார். கண்காணிப்பாளர் சுற்றிலும் பார்த்தார். "ஆபீஸ்ல கூட இத்தனை பேர் ஒண்ணாச் சேர்ந்ததில்லையே! நிலுவையைப் பத்தி ஒரு கூட்டம் போட்டுடலாமா?" நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டோம். கடல் முதுகுப் பக்கம் போய்விட்டது.

"வாங்களேன். பொழுது இறங்குது, பாருங்க" என்று அண்ணி வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம்மா. நிலுவை ஓடிட்டிருக்கு."

அண்ணி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றித் தன் நாற்காலியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து போனார். கூட்டத்தை எப்படிக் குறுக்கிடுவது என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் கோந்து தொப்பியின் பக்கம் திரும்பி, "கோவமா?" என்று கேட்டார். தொப்பி ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லையே, இன்னைக்கு சண்டை போடலை" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தொப்பியை வைத்துக்கொண்டார். நடத்துனர், "இங்க யாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டம்மா. இப்பதான் எழுந்து போனா."

நடத்துனருக்கும் எங்கேயோ ஒரு நாற்காலி இருக்கும்போல. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் தொப்பியை அண்ணியின் தையல் நாற்காலியில் வைத்தார். காலையில் அதனிடம் சொல்லிக்கொண்டு அலுவலகம் வந்தார். அண்ணி எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கும்போதெல்லாம், "இருக்கா" என்பார். சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை இழுத்துக்கொள்வார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், நீளமான வரிசை. கோந்து குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

"பழைய முகவரி?"

வரிசையில் நின்ற பெண் சொன்னார். அது கோந்துவின் வீட்டு முகவரி. அவர் கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது.

"புது முகவரி?"

"கடற்கரை. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாடி முதல் வீடு."

"மாறினதுக்குக் காரணம்?"

"ஒரு நிமிஷம்னு சொன்னீங்க. ஆயிடுச்சு."

அப்போதுதான் கோந்து நிமிர்ந்தார். அண்ணி வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார். செருப்பில் மணல். கரையோரத்து விடுதிகளுக்குத் திரை தைத்துக் கொடுக்கிறாராம். முத்திரை இல்லாவிட்டால் அங்கே கடைக்கு அனுமதி தர மாட்டார்களாம்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வீடு பார்த்திருக்கேன்" என்றார் அண்ணி, மெதுவாக. "திண்டாட வேண்டாம், அங்க எனக்கு நல்லாவே தையல் கிடைக்குது. எழுந்து வாங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

கோந்துவின் கைகள் நாற்காலியின் இரண்டு பக்கமும் ஊன்றின. உடம்பு கொஞ்சம் மேலே எழும்பியது. எழுந்திரும் ஐயா, எழுந்திரும் என்று நான் மனசுக்குள் கத்தினேன். கண்காணிப்பாளர் அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கோந்து உட்கார்ந்துவிட்டார்.

"விண்ணப்பத்தை ஏத்துக்க முடியாது" என்றார்.

"ஏன்?"

"நீ வீட்டுலதான் இருக்கே. தொப்பி நாற்காலியில இருக்கு. சுற்றறிக்கைப்படி நீ அங்க இருக்கறதாத்தான் கணக்கு."

அண்ணி அவரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, உதட்டோரத்தில் சிரிப்பும் இருந்தது.

"தொப்பி நல்லா இருக்கா?"

"இருக்கு."

"சரி. இது எங்க அப்பா குடுத்தது" என்று சொல்லி, நாற்காலியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மழை. குடை ஒரே தட்டில் விரிந்தது.

கண்காணிப்பாளர் வந்து நாற்காலியைப் பார்த்தார். "கோந்து எங்கே?"

"இங்கதான் சார் இருக்கேன்" என்றார் கோந்து.

"குடையைக் காணோமே?"

"குடை போயிடுச்சு சார். ஆள் இருக்கேன்."

"ஆள் இருக்கறதா சுற்றறிக்கையில எங்கயும் இல்லையே" என்றார் கண்காணிப்பாளர் வருத்தத்தோடு. அவர் நியாயமான மனிதர் என்று முன்பே சொன்னேன். கோந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாகக் குறிப்பு எழுதினார். கணக்கில் கிடந்த விடுப்பெல்லாம் அப்படியே கழிந்தது. கழிந்து முடிந்ததும், கோப்பிலிருந்து யாரும் எடுக்காமல் விட்ட ராஜினாமாவும் தானாகச் செல்லுபடியானது. கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன.

அந்தக் குடை இப்போது கடற்கரையில், அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பதாகக் கணக்குப் பிரிவுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆகவே சட்டப்படி கோந்து கடற்கரையில் மனைவியோடு இருக்கிறார். அவர் மனைவி வீட்டில் கணவரோடு இருக்கிறார். இவ்வளவு ஒற்றுமையான தம்பதி எங்கள் பதிவேட்டில் வேறு இல்லை. கோந்து மட்டும் தினமும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போங்கள் என்று அவரிடம் யாராலும் சொல்ல முடியவில்லை. இல்லாதவரிடம் எப்படிச் சொல்வது?

குடையைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று எனக்கு என்னவோ மனசு சரியில்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன். இவளை ஒரு தடவை கடலுக்குக் கூட்டிப் போனால்தான் என்ன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. கூடத்து நாற்காலியில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. அதன் மேல் லேசாகத் தூசி படிந்திருந்தது.

அப்பாடா என்று இருந்தது. எதிரில் உட்கார்ந்துகொண்டேன். இருக்கிறாள், இப்போதுதான் எழுந்து போயிருக்கிறாள்.